ஸ்டாக்கர் திரில்லரில் தப்பிப் பிழைக்கும் பெண்: அவள் கேரக்டர் ஆர்க்கை எழுதும் முறை, படிப்படியாக

பெண்ணைப் பின்தொடர்பவனைப் பற்றி வெப் சீரிஸ் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அவனிடமிருந்து ஆரம்பிக்கிறார்கள். எங்கே ஒளிகிறான், எப்படிப் பார்க்கிறான், என்ன பரிசு அனுப்புகிறான் என்று நான்கு நாள் டிஸ்கஷன் ஓடும். மூன்றாவது எபிசோட் வரும்போது அவளுக்குச் செய்ய வேலையே இருக்காது. பயப்படுவாள், ஓடுவாள், அழுவாள், மறுபடி பயப்படுவாள். கிளைமாக்ஸில் திடீரென்று கையில் கம்பி முளைக்கும்.

இங்கே வேலையை அவள் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். கேரக்டர் ஆர்க் என்றால், முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை அவள் மாறிப் போகிற பாதை. கணக்குக்கு 8 எபிசோட், ஒவ்வொன்றும் 35 முதல் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தினசரி டிவி சீரியலுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே கதை முடியும் தேதி எழுதுபவர் கையில் இல்லை.

விளக்க ஒரு மாதிரிக் கதாபாத்திரம்: சுகந்தி, வயது 31. குரோம்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. பம்மலில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். பின்தொடர்பவன் அந்தக் கிளினிக்கின் கம்ப்யூட்டர்களைச் சரிபார்க்க மாதம் இரண்டு முறை வந்துபோகிறவன். கதை நடப்பது 2023ல்.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு தாள் போதும். ஆனால் நான்கும் வேண்டும்.

முதல் தாளில் கதை நடக்கும் ஆண்டு, ஊர், அவள் வயது. ஆண்டு ஏன் முக்கியம் என்றால், சட்டம் மாறிவிட்டது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 354டி பிரிவு. 2013ல் சேர்க்கப்பட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவு. 2025 ஜனவரியில் தமிழகச் சட்டப்பேரவை தண்டனையைக் கடுமையாக்கும் திருத்த மசோதாக்களை நிறைவேற்றியது. அதற்குப் பின் நடக்கும் கதையென்றால், ஸ்டேஷன் சீன்களையும் கோர்ட் சீன்களையும் ஒரு கிரிமினல் வழக்கறிஞரிடம் காட்டாமல் பூட்ட வேண்டாம். பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லையா? அப்போது போக்சோ (சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வந்துவிடும், கதையின் எலும்புக்கூடே வேறு.

இரண்டாவது தாளில் அவளுடைய ஒரு வாரத்தின் மணிக்கணக்கு. எப்படித் தயாரிப்பது என்று 3வது பகுதியில்.

மூன்றாவது தாள் அவனைப் பற்றியது, ஒரே பக்கம். மனநல மருத்துவத்தில் பால் முல்லனும் அவர் குழுவினரும் 1999ல் வகுத்த ஐந்து வகைப் பிரிவு இங்கே நன்றாக உதவும்: நிராகரிக்கப்பட்டவன், நெருக்கம் தேடுபவன், பழகத் தெரியாமல் துரத்துபவன், வன்மம் தீர்ப்பவன், வேட்டையாடுபவன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். வகையைப் பொறுத்துத்தான் அவள் செய்வது எது பலிக்கும், எது பலிக்காது என்பது முடிவாகும். பழகத் தெரியாதவன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கையில் விலகிப் போகலாம். நெருக்கம் தேடுபவனோ தங்களுக்குள் ஏற்கெனவே உறவு இருப்பதாக நம்புகிறவன், அதே எச்சரிக்கையைக் காதலுக்கு வந்த சோதனை என்று எடுத்துக்கொள்வான். சுகந்தியின் கதையில் வருபவன் இந்த ரகம். ஐந்து வகையின் அம்சங்களையும் ஒருவனுக்கே கொடுத்தால் எபிசோடுக்கு எபிசோட் ஆள் மாறிக்கொண்டே இருப்பான். அவளால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அவள் கற்றுக்கொள்ளாவிட்டால் ஆர்க்கும் கிடையாது.

நான்காவது தாள் இப்போதைக்குக் காலி. அதில் எட்டுக் கட்டம் போட்டு வையுங்கள்.

2. கடைசி சீனை முதலில் எழுதுங்கள்

குற்றவாளி பிடிபடும் சீனைச் சொல்லவில்லை. அதற்குப் பல மாதம் கழித்து, அவள் சாதாரணமாக ஏதோ செய்யும் சீன். ஒன்றரைப் பக்கம், வசனம் இல்லாமல்.

முடிவு தெரியாமல் முதல் எபிசோடை எழுதினால் அங்கே எதை நட வேண்டும் என்பதே தெரியாது. பிறகு கடைசி எபிசோடில் “நான் இப்ப பழைய சுகந்தி இல்ல” என்று அவளே அறிவிக்க வேண்டிவரும். அப்படி ஒரு வசனம் தேவைப்படுகிறது என்றால் முன்னால் ஏழு எபிசோடும் வேலை செய்யவில்லை என்று பொருள்.

எழுதும்போது இரண்டு முனைகளைத் தவிருங்கள். ஒன்று, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மற்றொன்று, அவள் சிங்கமாகிவிட்டாள். நடந்ததைச் சுமந்துகொண்டே பால் பாக்கெட் வாங்கப் போகிற பெண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறாள்.

3. அவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கொடுங்கள்

இப்போது இரண்டாவது தாள். காலை 6 மணியிலிருந்து இரவு 11 வரை, எதுவுமே நடக்காத ஒரு நாளை அரைமணிக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பிறகு வாரத்தின் மற்ற நாட்களில் மாறுபடுவதை மட்டும் ஓரத்தில் குறியுங்கள்.

சுகந்திக்குக் காலை 9:30 முதல் 1:30, மாலை 4:30 முதல் 9:00 என்று இரண்டு வேளை கிளினிக். நடுவில் வீடு. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வீட்டுக்குப் போகாமல் பல்லாவரம் சந்தை. இரவு 9:10க்கு ஸ்கூட்டியை எடுப்பாள். பெட்ரோல் செவ்வாய்க்கிழமை போடுவாள், அம்மாவின் பிரஷர் மாத்திரை மாதம் 5ஆம் தேதி வாங்குவாள்.

இதில் இரட்டை லாபம். அவள் யார் என்று வசனமில்லாமல் தெரிகிறது. கூடவே, பின்தொடர்பவனுக்குத் தேவையான தகவலும் இதுதான். வெள்ளிக்கிழமைச் சந்தை அவனுக்குத் தெரியும் என்று பார்வையாளருக்குப் புரிந்த கணத்திலிருந்து, வெங்காயம் பொறுக்கும் சாதாரண ஷாட்டே கனத்துவிடும். பின்னணி இசைக்குச் செலவு குறைவு.

புதிதாக எழுதுபவர்கள் இந்தத் தாளைத் தாண்டிவிட்டு, அவளுக்கு ‘துணிச்சலானவள், கலகலப்பானவள், நம்பிக்கை மிகுந்தவள்’ என்று பெயரடைகளை எழுதி வைப்பார்கள். பெயரடையைக் கேமரா எடுக்காது.

4. மூன்று பழக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்

அந்த வாரத்திலிருந்து, திரையில் 10 விநாடிக்குள் காட்டக்கூடிய மூன்று பழக்கங்களை எடுங்கள். எட்டு எபிசோடிலும் அவள் மாறுவதை அளக்க இவைதான் அளவுகோல். மூன்றுக்கு மேல் போனால் பார்வையாளர் நினைவில் வைக்க மாட்டார். ஒன்று மட்டும் என்றால் குறியீடு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும்.

மூன்றும் வேறுவேறு வேலை செய்ய வேண்டும். ஒன்று உடலோடு சம்பந்தப்பட்டது, ஒன்று மற்றவர்களோடு, இன்னொன்று அவள் தொழிலோடு.

சுகந்தியின் முதல் பழக்கம் ஸ்கூட்டியின் இடது கண்ணாடி. பொட்டைச் சரிபார்க்க வசதியாக அதை எப்போதும் உள்பக்கம் திருப்பி வைத்திருப்பாள். முதல் எபிசோடில் பின்னால் வருகிற வண்டி அவளுக்குத் தெரியாது, அவள் முகம்தான் தெரியும். மூன்றாவதில் கண்ணாடி சாலையைப் பார்க்கத் திரும்புகிறது. ஆறாவதில் மெக்கானிக் கடையில் அகலக் கண்ணாடி கேட்கிறாள். கடைசி சீனில் கண்ணாடி சாலையைப் பார்த்தபடியே இருக்கிறது. கேட்டைத் தாண்டும் முன் ஒரு நொடி உள்ளே திருப்பிப் பொட்டைப் பார்க்கிறாள், மறுபடி வெளியே திருப்பி வைக்கிறாள், போகிறாள். 2வது பகுதியில் எழுதச் சொன்ன ஒன்றரைப் பக்கத்தின் கரு இதுதான்.

இரண்டாவது, போன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள், ரிசப்ஷனிஸ்ட் ஆயிற்றே. மூன்றாவது, அப்பாயின்ட்மென்ட் நோட்டு. யார் கூப்பிட்டாலும் பெயர், நம்பர், நேரம் மூன்றையும் கை தானாகவே எழுதிவிடும்.

தொழில் பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். பின்னால் அவளைக் காப்பாற்றப் போகிற திறமை அங்கிருந்துதான் வரவேண்டும். ஐந்தாவது எபிசோடில் கராத்தே வகுப்பில் சேர்ப்பது எழுத்தாளரின் சோம்பல். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைக்கு ஆயுதமாகும் தகுதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

5. அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் சீன்

இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. இரண்டாவது எபிசோட் முடிவதற்குள், பார்வையாளர் காதில் தெளிவாக விழும்படி அவள் மறுத்திருக்க வேண்டும்.

சட்டப்படி இதற்கு ஒரு காரணம் உண்டு. பெண் தெளிவாக விருப்பமின்மையைக் காட்டிய பிறகும் மறுபடி மறுபடி தொடர்புகொள்வதுதான் 354டி விவரிக்கும் குற்றத்தின் ஒரு பாதி. மறு பாதி, அவளது இன்டர்நெட், இமெயில் பயன்பாட்டைக் கண்காணிப்பது. இதற்கு அவன் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் நம் பார்வையாளர். பின்னாலேயே சுற்றினால் கடைசியில் காதலித்துவிடுவாள் என்று பல பத்தாண்டு சினிமாப் பாட்டுகளில் பார்த்துப் பழகியவர்கள். அவள் சிரித்துச் சமாளித்தால் ‘அவளுக்கும் இஷ்டம் இருக்கு’ என்று ஹாலில் ஒருவராவது சொல்வார். மறுப்பு மங்கலாக இருந்தால் அடுத்த ஆறு எபிசோடுக்கும் அந்தச் சந்தேகம் கூடவே வரும்.

மறுப்பை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். காரணம் சொல்ல விடாதீர்கள். “எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு” என்று அவள் பொய் சொன்னால், நிச்சயம் ஆகாவிட்டால் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொள்வான். அந்தப் பிழையையே கதைக்குப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் தெரிந்து செய்யுங்கள். அப்படியானால் காரணமில்லாத இரண்டாவது மறுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

6. அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

எல்லா ஸ்டாக்கர் கதைகளிலும் பார்வையாளர் கேட்கும் கேள்வி இது. பதில் ‘பயம்’ என்றால் கதை தளர்ந்துவிடும். சொன்னால் அவள் எதை இழப்பாள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட முடிய வேண்டும்.

சுகந்திக்கு அது வேலை. அம்மாவிடம் சொன்ன அன்றே “வேலைக்குப் போனது போதும், வீட்ல இரு” என்று வரும். சேலத்தில் இருக்கும் அண்ணன் காதுக்குப் போனால் வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே வரச் சொல்வான். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவன் பறிக்க வந்ததை இவர்களே பிடுங்கிக் கொடுப்பார்கள்.

இந்தத் தர்க்கம் உட்கார்ந்துவிட்டால் அவள் மௌனம் முட்டாள்தனமாகத் தெரியாது. மௌனத்தை உடைக்கும்போது, அவள் எதைப் பணயம் வைக்கிறாள் என்பதும் தெரிந்திருக்கும்.

7. எபிசோடுக்கு ஒரு முடிவு, அதற்கு ஒரு விலை

இப்போது நான்காவது தாள். எட்டுக் கட்டத்திலும் மேலே அவள் எடுக்கும் முடிவு, கீழே அதற்கு அவள் கொடுக்கும் விலை. ‘தெரிந்துகொள்கிறாள்’, ‘அதிர்ச்சி அடைகிறாள்’ போன்ற வினைகள் மேல் கட்டத்தில் வரக் கூடாது. அவை அவளுக்கு நேர்பவை. ‘எழுதி வைக்கிறாள்’, ‘மாற்றுகிறாள்’, ‘சொல்கிறாள்’, ‘மறைக்கிறாள்’ எல்லாம் வரலாம்.

சுகந்தியின் தாள் இப்படிப் போகிறது.

முதல் எபிசோடில் பேசாமல் வைத்துவிடும் நம்பர் ஒன்றைப் பழக்கதோஷத்தில் நோட்டின் பின்பக்கம் எழுதுகிறாள். விலை சின்னதுதான். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு “நோட்டுல என்ன கிறுக்கல்?” என்கிறார். இரண்டாவதில் மறுக்கிறாள். அன்றிரவு 41 கால். நாற்பதையும் எடுக்காமல் இருந்து, நாற்பத்தோராவதை எடுத்துக் கத்திவிடுகிறாள். 41 தடவை அடித்தால் எடுப்பாள் என்று அவன் அன்று கற்றுக்கொள்கிறான். இதை வசனத்தில் விளக்காமல், மூன்றாவது எபிசோடில் கால்களின் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுங்கள், போதும்.

மூன்றாவது எபிசோடில் நம்பரையே மாற்றிவிடுகிறாள். இது தவறான முடிவு, தவறாகவே இருக்கட்டும். புது நம்பரைக் கிளினிக் போர்டில் எழுதியாக வேண்டும், இரண்டே நாளில் அவனிடம் போய்விடும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டதோடு, அடுத்து அங்கே வந்திருக்கக்கூடிய மெசேஜ்கள் சாட்சியாகும் வாய்ப்பும் போனது. அவளுக்குத் தப்பு செய்ய இடம் கொடுங்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்திருக்க வேண்டும். கதை நகர வேண்டும் என்பதற்காக மொட்டை மாடிக்குத் தனியே போகிறவளை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

நான்காவதில் கூட வேலை செய்யும் செல்வி அக்காவிடம் சொல்கிறாள். செல்வி அக்கா நல்லெண்ணத்தில் அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். ஐந்தாவது காவல் நிலையம், அது தனியாக.

ஆறாவதில் வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலைத் திறக்கிறாள். அவள் கணக்கு வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. கிளினிக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருக்கிறது. இங்கே ஹேக்கர் நண்பன், பச்சை எழுத்து ஓடும் கருப்புத் திரை எதுவும் வேண்டாம். ரிசப்ஷன் மேசையில் அவளுடைய போன் திறந்து கிடந்த நேரத்தில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய அரை நிமிடம் போதும். சாதாரணமாக நடக்கக்கூடியது என்பதாலேயே வயிற்றைக் கலக்கும். உடனே லாக் அவுட் அழுத்தப் போகிற விரலை நிறுத்தி, செல்வி அக்காவின் போனை வாங்கி, திரையை நேரத்தோடு படமெடுத்துவிட்டுப் பிறகு அழுத்துகிறாள். மூன்றாவது எபிசோடில் சிம்மைத் தூக்கிப் போட்ட அதே பெண். ஆர்க் எங்கே என்று யாராவது கேட்டால் இந்த அரை நிமிடத்தைக் காட்டலாம். விலை: தான் பிடிபட்டது அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும்.

ஏழாவது நேருக்கு நேர். எட்டாவது அதற்குப் பிறகான மாதங்கள்.

கட்டங்களை நிரப்பியதும் ஒரு சோதனை. மூன்றாவது கட்டத்தையும் ஆறாவதையும் இடம் மாற்றிப் பாருங்கள். கதை அப்போதும் ஓடினால் அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, சம்பவங்கள்தான் வரிசையில் நிற்கின்றன.

8. காவல் நிலைய சீன்

நேராக எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவதும், இன்ஸ்பெக்டர் கேலி செய்து துரத்திவிடுவதும் இரண்டுமே தேய்ந்துபோன வழிகள். தமிழ்நாட்டு ஸ்டேஷனில் நடக்கும் நடுவழி ஒன்று இருக்கிறது, திரில்லருக்கு அதுதான் தோதானது. மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, கொடுப்பார்கள். அவனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். “இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். அவன் எல்லார் முன்னாலும் “தங்கச்சி மாதிரி மேடம்” என்பான். அவளுக்கு நியாயம் கிடைத்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. ஐந்தாவது எபிசோடை அங்கே முடிக்கலாம்.

இந்த வகைப் புகாரைப் பெண் போலீஸ் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அனைத்து மகளிர் காவல் நிலையம் தமிழ்நாட்டுக்கு 1992லிருந்தே பழக்கமான இடம். எஸ்.ஐ.யை வில்லியாகவோ தேவதையாகவோ எழுதாமல், அன்றைய பத்தாவது மனுவைப் பார்க்கிற ஆளாக எழுதுங்கள்.

“பேர் என்னம்மா?”

“சுகந்தி, மேடம்.”

“பையன் தெரிஞ்ச பையனா?”

“கிளினிக்குக்கு கம்ப்யூட்டர் பாக்க வருவாரு. அவ்ளோதான் மேடம்.”

“எவ்ளோ நாளா நடக்குது?”

சுகந்தி நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறாள். “ஜூன் ஆறு, செவ்வாய்க்கிழமைலேருந்து. அன்னிக்கு நாலு கால் மேடம். 10:20, 10:22, 12:05, ராத்திரி 9:14.”

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்துகிறார். “இதெல்லாம் நீயே குறிச்சு வெச்சியா?”

“அப்பாயின்ட்மென்ட் நோட்டு மேடம். கை பழக்கம்.”

“குடு இப்படி.”

சீன் முழுக்க சுகந்தி அழவில்லை, கெஞ்சவில்லை. நோட்டு கை மாறும்போது அந்த அறையில் அவள் நிலையும் மாறுகிறது. 9:14 என்ற எண்ணுக்கு ஒரு வேலை உண்டு. 9:10க்கு அவள் வண்டியை எடுப்பாள் என்று 3வது பகுதியின் தாளில் இருக்கிறது. வழியில் நிறுத்திப் போனை எடுத்திருக்கிறாள். யாராவது கவனித்தால் சரி, கவனிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

என்ன பிரிவு போடுகிறார்கள் என்பதே அடுத்த திருப்பமாகலாம். 354டி முதல் முறை என்றால் 3 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இரண்டாவது முறை தண்டனை பெற்றால் 5 ஆண்டு வரை, அது ஜாமீனில் விடக்கூடியது அல்ல. கூடவே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்களுக்குத் தொல்லை தடுப்புச் சட்டத்தின் 4வது பிரிவைச் சேர்ப்பதும் இங்கே வழக்கம். சேர்த்தால் ஜாமீன் கணக்கு மாறும். எனவே ‘போலீஸ் பிடித்தது, அவன் வெளியே வந்துவிட்டான்’ என்று எழுதும் முன் எந்தப் பிரிவில், எப்படி வந்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டை நீட்டியதும் நீதிபதி தலையசைப்பதாக எழுதாதீர்கள். எலக்ட்ரானிக் ஆவணத்தின் நகலைச் சாட்சியாகக் கொடுக்க 2023ல் சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். போனையே ஒப்படைக்க வேண்டிவந்தால், அம்மாவின் மாத்திரைச் சீட்டின் போட்டோகூட அந்தப் போனில்தானே இருக்கிறது? அந்தச் சின்ன எரிச்சல் ஒரு நல்ல அரை சீன்.

2022ல் வந்த ‘காவல் உதவி’ ஆப், 181 மகளிர் உதவி எண் இரண்டும் அவள் உலகத்தில் இருக்கின்றன. பயன்படுத்தாவிட்டால் ஏன் என்று ஒரு வரியாவது வையுங்கள்.

9. அவனுக்கு எவ்வளவு இடம்

ஒரு எபிசோடில் அவன் தனியாக வரும் நேரம் 5 நிமிடத்தைத் தாண்டினால் தராசு சாயத் தொடங்கும். அவன் பின்கதை, அவனை அடித்த அப்பா, தனிமை எல்லாம் சுவாரசியமானவை. ஆபத்தும் அதுவே. அவனைப் புரிந்துகொள்ளும் வேலையில் பார்வையாளர் இறங்கிவிட்டால் அவள் தடயமாகச் சுருங்கிவிடுவாள்.

கேமரா யாருடைய கண் என்பதையும் எழுத்திலேயே முடிவு செய்யுங்கள். ‘ஜன்னல் வழியே அவள் தலை துவட்டுவதைப் பார்க்கிறோம்’ என்று எழுதினால், ‘பார்க்கிறோம்’ என்ற அந்த ஒரு சொல்லில் பார்வையாளரை அவனோடு ஒளிய வைத்துவிட்டீர்கள். தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை செய்யுங்கள், பார்வையாளருக்குக் கூசும்படி.

10. பயத்தை உடலில் எழுதுங்கள்

நடுங்கும் கை, வியர்வை, கனவில் அலறி எழுவது: இந்த மூன்றையும் தடை செய்துவிட்டு எழுதிப் பாருங்கள்.

அதிர்ச்சிக்குப் பின் வரும் மாற்றங்களை மனநல மருத்துவம் நான்கு கொத்தாகப் பார்க்கிறது. நினைவுகள் அழைக்காமல் வருவது, சில இடங்களையும் பொருட்களையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியுமான எண்ணம் இருண்டுபோவது, எந்நேரமும் விழிப்பாக இருப்பது. கொத்துக்கு ஒரு செயல் என்று எடுங்கள். தவிர்ப்பதற்கு: வெள்ளிக்கிழமைச் சந்தையை விட்டுவிட்டு, தெருவில் வரும் வண்டிக்காரரிடம் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறாள். அம்மா காரணம் புரியாமல் திட்டுகிறாள். அழுகிற சீன் இவ்வளவு வேலை செய்யாது.

நினைவு வரிசையாக வராது என்பதும் முக்கியம். வாக்குமூலம் கொடுக்கும்போது அவன் சட்டை நிறத்தை அவளால் சொல்ல முடியாமல், படிக்கட்டில் யாரோ வைத்திருந்த பினாயில் டப்பாவின் மணத்தைச் சொல்ல முடியலாம். 354டி வழக்கில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் வாக்குமூலம் பதிவாகும். அந்தச் சீனில் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒப்பிக்கிறவள் நடிக்கிறாள் என்று தோன்றும். இங்கே நோட்டு உதவாது, ஏழாவது எபிசோடின் இரவில் அவள் எதையும் எழுதவில்லை. அந்த முரணை விட்டுவிடாதீர்கள்.

11. நேருக்கு நேர் சீனை ஏழாவதில் வையுங்கள்

எட்டாவதில் வைத்தால், அவன் கையில் விலங்கு விழுந்ததும் சீரிஸ் முடிந்துவிடும். அவள் பிழைத்தது தெரியும், பிழைத்து வாழ்வது தெரியாது.

சீனுக்கு மூன்று நிபந்தனைகள். இடத்தை அவள் தேர்ந்தெடுக்கட்டும், அல்லது அவன் தேர்ந்தெடுத்த இடத்தை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கட்டும். நடுவில் வந்து அடிக்கும் காதலனோ அண்ணனோ வேண்டாம், ஆனால் அவள் முன்கூட்டியே சொல்லி வைத்த ஆள் வரலாம், வரவழைத்தது அவள் முடிவு. மூன்றாவது, அவள் ஜெயிப்பது 4வது பகுதியில் நட்ட பழக்கங்களில் ஒன்றால் நடக்க வேண்டும்.

சுகந்தி கிளினிக் மூடிய பின் கீழ்த்தளப் படிக்கட்டில் அவனைச் சந்திக்கிறாள். போன் பையில். லைன் திறந்தே இருக்கிறது, மறுமுனையில் செல்வி அக்கா. முதல் மணியிலேயே எடுத்துப் பழகியவள், இன்று முதல் முறையாக வைக்காமல் விட்டிருக்கிறாள். அவள் அவனைத் தள்ளிவிட்டு ஓடலாம், விழலாம், முட்டியில் அடிபடலாம். உறைந்தும் நிற்கலாம். உறைவது கோழைத்தனமில்லை, உடலின் ஒரு பதில். அதை எழுதத் தயங்க வேண்டாம். அவனைக் கொல்ல வைப்பதற்கு மட்டும் நூறு முறை யோசியுங்கள். கைதட்டல் விழும், ஆனால் எட்டாவது எபிசோட் அவள் கொலை வழக்கைப் பற்றியதாகிவிடும்.

12. எட்டாவது எபிசோட்

இங்கே பெரும்பாலானவர்கள் 10 நிமிடத்தில் சுருட்டிவிடுகிறார்கள். முழு எபிசோடையும் கொடுங்கள். வாய்தா தள்ளிப்போகிறது. அண்ணன் சேலத்துக்குக் கூப்பிடுகிறான், அவள் போகவில்லை. கிளினிக்குக்குப் புது ஆள் கம்ப்யூட்டர் பார்க்க வருகிறான், பாவம், நல்ல பையன், அவனைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டதாகக் காட்டாதீர்கள். கடந்த நாட்களைத் திரையில் எழுத்துப் போட்டுச் சொல்லாமல், மாத்திரை வாங்கும் 5ஆம் தேதியை மூன்று முறை காட்டிச் சொல்லலாம்.

புதிய ஆண் ஒருவரைக் காதலனாக அறிமுகப்படுத்திக் குணமாக்க வேண்டாம். சந்தைக்கு அவள் திரும்பிப் போகும் வெள்ளிக்கிழமை போதும். போய், பாதியில் திரும்பி வந்தாலும் சரி.

13. சரிபார்க்கும் விதம்

எட்டு எபிசோடின் சீன் ஆர்டரையும் பிரின்ட் எடுங்கள். அவன் மட்டும் வரும் சீன்களை மஞ்சள் மார்க்கரால் அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அவள் கதை தொடர்ந்து புரிய வேண்டும். எங்கே அறுபடுகிறதோ அங்கே ஒரு முடிவு காணாமல் போயிருக்கிறது.

அடுத்து மூன்று பழக்கங்களையும் எபிசோட் வாரியாகத் தேடுங்கள். தொடர்ந்து இரண்டு எபிசோடில் ஒரு பழக்கம் வரவேயில்லை என்றால் பார்வையாளர் மறந்திருப்பார். கன்டின்யூட்டி பார்க்கும் உதவி இயக்குநருக்கும் இந்தப் பட்டியலின் ஒரு நகல் போகட்டும். கண்ணாடி எந்த எபிசோடில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஷூட்டிங்கில் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு கண்ணாடியைத் திருப்ப முடியாது.